சாவி இருக்கிற கம்ப்யூட்டரை ஃபார்மேட் போடாதீர்கள்

"வைரஸ் அடிச்சிருச்சுண்ணே. ஃபார்மேட் போட்டுத் தந்துரவா?" தங்கச்சிமடம், உச்சிப்புளி, கீழக்கரை, தொண்டி என்று கடலோரமாக எந்த டிடிபி கடையில் கொஞ்ச நேரம் நின்றாலும் இது காதில் விழுந்துவிடும். பென்டிரைவைச் செருகுகிறார்கள். ஃபைல் பெயர் தெரிகிறது, எத்தனை எம்பி என்றும் தெரிகிறது, திறந்தால் மட்டும் 'ஆக்சஸ் டினைடு'. ஐகானின் மூலையில் குட்டியாக ஒரு பூட்டுப் படம். உடனே தீர்ப்பு வைரஸ், தண்டனை ஃபார்மேட். பூட்டு தொங்குகிறது என்றால் சாவி யாரிடம் இருக்கும் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த அவசரம்தான் எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். திறக்க முடியாமல் போகும் ஃபைல்களில் ஒரு பெரிய பங்கு திருட்டே இல்லை. வீட்டுக்காரரே பூட்டிவிட்டு, சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் நிற்கிற கதை அது. அந்தச் சாவியை நிரந்தரமாகத் தொலைப்பதும் பெரும்பாலும் சரிசெய்ய வந்தவர்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு ஆய்வு நடக்கும். ஆர்சி, இன்ஜின் பில், ஆதார் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே பென்டிரைவில் போட்டுக்கொண்டு கடை, சங்கம், அலுவலகம் என்று அலைவார்கள். பூட்டு விழுந்த பென்டிரைவ் தன் குணத்தைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ஏனென்றால், பூட்டு போட்ட கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் சாதாரணமாகத் திறக்கும். அடுத்த கடைக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

ஒரு டிக்கில் விழுகிற பூட்டு

விண்டோஸில் இஎஃப்எஸ் (என்கிரிப்டிங் ஃபைல் சிஸ்டம்) என்று ஃபைலைப் பூட்டிவைக்கிற ஒரு வசதி உண்டு. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. ஹோம் பதிப்பில் இதைக்கொண்டு பூட்ட முடியாது, ப்ரோ பதிப்பில் முடியும். நம் கடைகளில் ஓடுவதெல்லாம் ப்ரோதான், அதை எப்படி ஆக்டிவேட் செய்தார்கள் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் அட்வான்ஸ்டு பட்டன். திறக்கிற சின்னப் பெட்டியின் அடியில் இரண்டு கட்டங்கள் இருக்கும். மேலே இருப்பது இடத்தைச் சேமிக்கிற கம்ப்ரஸ். கீழே இருப்பது 'என்கிரிப்ட் கன்டென்ட்ஸ் டு செக்யூர் டேட்டா'. செக்யூர் என்ற சொல்லைப் பார்த்ததும் நல்லதுதானே என்று டிக் போட்டுவிடுகிறார்கள். இடம் மிச்சமாகட்டும் என்று மேல் கட்டத்தைக் குறிவைத்துக் கீழே கிளிக் செய்தவர்களும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டையும் டிக் செய்ய விண்டோஸ் விடாது என்பதால், கை தவறியதே தெரியாமல் போய்விடும்.

அதன்பிறகு அந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபைலைப் போட்டாலும் பூட்டு விழும். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாக ஒரு சாவியை விண்டோஸ் உருவாக்கி ஃபைலைப் பூட்டுகிறது. அந்தச் சாவியை உங்கள் கணக்கின் சான்றிதழால் இன்னொரு முறை பூட்டி ஃபைலோடு ஒட்டிவைக்கிறது. இந்த இரண்டாவது பூட்டைத் திறக்கும் பிரைவேட் கீ பென்டிரைவுக்கு வராது. கம்ப்யூட்டரில் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள், உங்கள் லாகின் பாஸ்வேர்டின் காவலில் உட்கார்ந்திருக்கும். முதல் முறை பூட்டும்போது திரையின் வலது கீழ்மூலையில், 'என்கிரிப்ஷன் சாவியை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு அறிவிப்பு எட்டிப்பார்க்கும். ஆன்டிவைரஸ் விளம்பரத்தை மூடுகிற அதே கையால் அதையும் மூடிவிடுகிறோம். நேர்மையாக எச்சரித்த ஒரே இடம் அதுதான்.

பென்டிரைவை என்டிஎஃப்எஸ், ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்று பல முறைகளில் ஃபார்மேட் செய்யலாம். என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் என்றால் பூட்டு அப்படியே கூடவே போகும். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது என்பதால் கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ்தான் வைத்திருப்பார்கள். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் இந்தத் தொல்லையே இராது என்று யூடியூபில் ஒரு யோசனை இன்னும் சுற்றுகிறது. பழைய விண்டோஸுக்கு அது சரி. அப்போது ஃபேட், எக்ஸ்ஃபேட்டில் பூட்டோடு எழுத வழியில்லை, 'பூட்டு இல்லாமல் நகலெடுக்கட்டுமா' என்று கேட்டுவிட்டுத் திறந்த நகலை எழுதும். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலிருந்து எக்ஸ்ஃபேட்டிலும் பூட்டோடு எழுதுகிறது. பெயருக்குப் பின்னால் 'பிஃபைல்' என்று ஒரு வால் முளைத்திருந்தால் அதுதான் அடையாளம். இந்த வாலைப் பார்த்து ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ், என்று பதறிய ஆட்களும் உண்டு. அது ரான்சம்வேர் இல்லை. எழுதிய கம்ப்யூட்டருக்கே கொண்டுபோனால் திறக்கும்.

டிக் போடாமலேயே பூட்டு விழ இன்னொரு வழியும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மச்சான் மேக்புக்கில் ஜிப் செய்து அனுப்புவார். அதை விண்டோஸ் ப்ரோவில் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்தால், சில சமயம் பிரித்த ஃபைல்கள் எல்லாம் பூட்டுப் படத்தோடு வந்து உட்காரும். யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். இதற்கு 7-ஜிப் போன்ற வேறு மென்பொருளால் பிரித்தால் போதும்.

யார் பூட்டியது என்று கண்டுபிடிப்பது பலர் நினைப்பதைவிடச் சுலபம். ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, அதில் டீட்டெயில்ஸ். யாரால் திறக்க முடியும் என்ற பட்டியல் வரும். அதில் யூசர் பெயரோடு பெரும்பாலும் கம்ப்யூட்டர் பெயரும் சேர்ந்திருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டில் சைஃபர் கட்டளையோடு சாய்கோடும் 'சி'யும் ஃபைல் பெயரும் கொடுத்தாலும் இதே தகவல் கிடைக்கும். அந்தக் கம்ப்யூட்டரைத் தேடிப்போய், அதே யூசராக லாகின் செய்து, டிக்கை எடுத்தால் முடிந்தது. பென்டிரைவ் முழுக்கத் திறக்க சைஃபரோடு சாய்கோடு 'டி', பிறகு சாய்கோடு 'எஸ்', முக்காற்புள்ளி, டிரைவ் எழுத்து. இங்கே இரண்டு வீண் முயற்சிகளைச் சொல்லிவிடுகிறேன். இன்னொரு கம்ப்யூட்டரில் அதே பெயரில், அதே பாஸ்வேர்டோடு கணக்கு தொடங்கினால் திறக்காது. பெயர் ஒன்றாக இருந்தாலும் சான்றிதழ் வேறு. ஃபைலின் உரிமையாளராக உங்களை மாற்றிக்கொள்கிற 'டேக் ஓனர்ஷிப்' செய்தாலும் திறக்காது. வீட்டுப் பத்திரத்தை உங்கள் பெயருக்கு மாற்றினாலும் பீரோ சாவி கைக்கு வந்துவிடாது இல்லையா, அது மாதிரி.

விண்டோஸ் மாற்றுகிற அந்த அரை மணி நேரம்

இந்தக் கட்டுரையை எழுத வைத்த இடம் இதுதான். பென்டிரைவ் திறக்கவில்லை. கடைக்காரர் பார்க்கிறார், வைரஸ் என்கிறார். பென்டிரைவுக்கு வந்த வைரஸ் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்துதான் வந்திருக்கும் என்கிறார். அதுவரை அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, பூட்டு அங்கிருந்துதான் வந்தது. "சிபியுவக் கொண்டாங்க, விண்டோஸ் மாத்திருவோம்" என்கிறார். அன்புக்கும் அக்கறைக்கும் குறைவே இல்லை. சி டிரைவை ஃபார்மேட் போட்டு, அரை மணி நேரத்தில் புது விண்டோஸ் பளபளவென்று வந்துவிடுகிறது. அந்த அரை மணி நேரத்துக்கு முன்பு வரை பென்டிரைவில் இருந்த ஃபைல்கள் ஒரு கிளிக் தூரத்தில் இருந்தன. இப்போது அவற்றைத் திறக்க உலகத்தில் எதுவும் இல்லை. பென்டிரைவை யாரும் தொடவே இல்லை, ஆனாலும் ஃபைல் போய்விட்டது. இதைக் கடைக்காரருக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

இதன் சின்னத் தம்பி, பாஸ்வேர்டு உடைக்கிற பென்டிரைவ். அந்த யூசராக லாகின் செய்யப் பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்பார்கள். பூட் செய்து, லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டை அழித்துவிட்டு உள்ளே போவார்கள். டெஸ்க்டாப் வரும், பூட்டிய ஃபைல் மட்டும் திறக்காது. பிரைவேட் கீயைக் காத்துக்கொண்டிருந்தது பழைய பாஸ்வேர்டு. அதை மாற்றாமல் அழித்ததால் காவல் கதவு உள்பக்கம் தாழிட்டுக்கொண்டது. பழைய பாஸ்வேர்டு பிற்பாடு ஞாபகம் வந்து, அதையே திரும்ப வைத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். அதனால் உடைப்பதற்கு முன் வீட்டில் எல்லோரையும் கேட்டு, ஞாபகம் இருக்கிற பத்துப் பாஸ்வேர்டையும் தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

விண்டோஸ் மாற்றியே ஆக வேண்டும் என்றால், கம்ப்யூட்டர் இன்னும் பூட் ஆகிறதா என்று பாருங்கள். பூட் ஆனால் லாகின் செய்து, ரன் பெட்டியில் 'செர்ட்எம்ஜிஆர் டாட் எம்எஸ்சி' கொடுங்கள். பர்சனல், சர்டிஃபிகேட்ஸ் என்று போனால் 'என்கிரிப்டிங் ஃபைல் சிஸ்டம்' என்ற நோக்கத்தோடு ஒரு வரி இருக்கும். ஆல் டாஸ்க்ஸ், எக்ஸ்போர்ட். நடுவில் பிரைவேட் கீயையும் சேர்க்கவா என்று கேட்கும், அங்கே 'எஸ்' கொடுப்பதுதான் உயிர்நாடி. 'நோ' கொடுத்தாலும் ஒரு ஃபைல் வரும், அதனால் பூட்ட முடியுமே தவிரத் திறக்க முடியாது. சரியான ஃபைலின் வால் 'பிஎஃப்எக்ஸ்'. புது விண்டோஸில் அதை டபுள் கிளிக் செய்து இறக்கினால் பழைய பூட்டெல்லாம் திறக்கும். பூட் ஆகவில்லை என்றால், ஹார்ட் டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, யூசர்ஸ் ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள். அதில் மறைவாக இருக்கும் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் வரிசையில் 'கிரிப்டோ', 'ப்ரொடெக்ட்', 'சிஸ்டம்சர்டிஃபிகேட்ஸ்' என்ற மூன்று ஃபோல்டர்கள் இருக்கும். இந்த மூன்றும் பழைய பாஸ்வேர்டும் இருந்தால் மீட்பு மென்பொருள்களுக்கு வேலை இருக்கிறது. ஃபார்மேட் போடாமல் மேலேயே விண்டோஸ் ஏற்றியிருந்தால் 'விண்டோஸ் டாட் ஓல்டு' ஃபோல்டரிலும் இவை கிடக்கலாம். ஆனால் 10 நாளில் விண்டோஸ் அதைத் தானாகத் துப்புரவு செய்துவிடும்.

கடை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. பொதுக் கம்ப்யூட்டரில் இந்த வசதிக்குத் தேவையே இல்லை, அடைத்துவிடலாம். அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, எஃப்எஸ்யூடில் கட்டளையில் 'பிஹேவியர் செட் டிஸேபிள்என்கிரிப்ஷன் 1' கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். ஏற்கெனவே பூட்டிக்கிடக்கும் ஃபைல் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். தேடிப் பார்க்க சைஃபர், சாய்கோடு 'யு', சாய்கோடு 'என்'. பூட்டிய ஃபைல் எல்லாவற்றையும் பட்டியல் போடும், எதையும் மாற்றாது.

உப்புக்காற்றும் ஒரு பூட்டுக்காரன்

போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு தனித் தொல்லை. பாம்பன், மண்டபம் பக்கம் ஜன்னலோரம் வைத்த டிஸ்கின் கேபிள் செருகும் வாய் சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். ஆட்டினால் வரும், விட்டால் போகும். மெக்கானிக் உடனே கவரைப் பிரித்து, உள்ளே இருக்கும் டிஸ்கைக் கழற்றி, நேராக டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிளில் மாட்டுவார். பெரும்பாலான டிஸ்குகளில் இது வேலை செய்யும். ஆனால் பிரபலமான சில மாடல்களில், யுஎஸ்பி வாய் இருக்கிற அந்தக் குட்டிப் பலகையே எழுதுகிற எல்லாவற்றையும் ஏஇஎஸ் முறையில் பூட்டித்தான் டிஸ்குக்கு அனுப்புகிறது. நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் பூட்டும். பலகை இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. பலகையைத் தாண்டி நேராக மாட்டினால் 'டிஸ்க் இனிஷியலைஸ் ஆகவில்லை, செய்யட்டுமா' என்று கேட்கும். அங்கே 'ஓகே' அழுத்தக் கூடாது. பலகையை மறுபடி மாட்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் வாயைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதுக் கேபிளில் முயன்று பாருங்கள். வாய் உடைந்திருந்தால் அதே பலகையில் வாயை மட்டும் மாற்றி ஈயம் வைக்கச் சொல்லுங்கள். கழற்றிய பலகையைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்கை ரப்பர் வளையம் வைத்த டப்பாவில், இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாத்திரை டப்பாவில் வரும் பொட்டலமே போதும், அடிக்கடி புதுசாக மாற்ற வேண்டும்.

போன் மெமரி கார்டும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு 6 வந்த 2015-இலிருந்து, புதுக் கார்டைப் போட்டதும் சில போன்கள் இரண்டு வழி கேட்கும். போர்ட்டபிளா, இன்டர்னல் ஸ்டோரேஜா என்று. இன்டர்னல் என்றால் போனில் இடம் கூடும் என்று அதை அமுக்குவார்கள். கார்டு முழுக்கப் பூட்டப்பட்டு, சாவி போனுக்குள் தங்கிவிடும். வலை இழுக்கும்போது சட்டைப்பையிலிருந்து போன் தண்ணிக்குள் நழுவுகிறது, எடுத்துவிடுகிறார்கள், போன் செத்துவிட்டது, கார்டு நன்றாக இருக்கிறது. கார்டை ரீடரில் போட்டால் ஃபார்மேட் கேட்கிறது. சர்வீஸ் கடையில் போனை எப்படியோ உயிர்ப்பித்து, ஹேங் ஆகிறதென்று ஃபேக்டரி ரீசெட் அடித்தால், அதுவும் விண்டோஸ் மாற்றியது போலத்தான், சாவி போய்விடும். கடலுக்குப் போகிற போனில் கார்டை எப்போதும் போர்ட்டபிளாக வையுங்கள். செட்டிங்ஸில் 'எஸ்டி கார்டு என்கிரிப்ஷன்' என்று தனியாக இருக்கிற போன்களில், ரீசெட்டுக்கு முன் அதை ஆஃப் செய்து முடிக்க வேண்டும்.

நிஜமான திருடன்

ரான்சம்வேர் பூட்டுக்குப் பூட்டுப் படம் கிடையாது. ஃபைல் பெயர் ஒவ்வொன்றின் பின்னாலும் அர்த்தமில்லாத ஒரே வால், ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு நோட்பேட் ஃபைல். அந்த நேரத்தில் செருகியிருந்த பென்டிரைவ், பேக்கப் டிஸ்க் எல்லாம் சேர்ந்தே போகும். பேக்கப் டிஸ்கை நிரந்தரமாகச் செருகியே வைக்கிற ஸ்டூடியோக்காரர்களுக்கு அது பேக்கப்பே இல்லை. முதலில் பென்டிரைவைப் பிடுங்குங்கள், நெட்டைத் துண்டியுங்கள், எதையும் அழிக்காதீர்கள். நோட்பேட் ஃபைலையும் பூட்டிய ஃபைல் ஒன்றையும் வைத்து எந்த ரான்சம்வேர் குடும்பம் என்று பார்க்கலாம். 2016-இல் யூரோபோல், நெதர்லாந்து போலீஸ் முதலியோர் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சிலவற்றுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. புகாருக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். இலவச ஆக்டிவேட்டர், கிராக் வழியாகப் பரவும் 'ஸ்டாப்' குடும்பம், ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்திலும் சுமார் 150 கேபியை மட்டுமே பூட்டும். போட்டோவுக்கு அது போதும், கெடுத்துவிடும். ஆனால் 3 ஜிபி கல்யாண வீடியோவில் தொடக்கம் மட்டும் போயிருக்கும். அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், பழுதுபார்க்கும் மென்பொருள்கள் மிச்சத்தை மீட்க வாய்ப்புண்டு. மேலே விட்டுவந்த ஆக்டிவேஷன் கேள்விக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. கடை கம்ப்யூட்டரில் அந்த ஆக்டிவேட்டரை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸை அணைக்கிறவரிடம் பென்டிரைவைக் கொடுக்காதீர்கள்.

ஃபைலெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தால் அது பூட்டே இல்லை, வைரஸ் ஃபைலை மறைத்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வளைகுடாவிலிருந்து வந்த லேப்டாப்

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அதிகம் பார்ப்பது பிட்லாக்கர், டிரைவை முழுசாகப் பூட்டுகிற விண்டோஸ் வசதி. கம்பெனி லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகினால், 'பூட்டினால்தான் எழுத விடுவேன்' என்று சொல்லும். கம்பெனி வைத்த கொள்கை அது. விமானத்துக்கு நேரமாகிவிட்டது, ஏதோ ஒரு பாஸ்வேர்டு அடித்து குடும்பப் படங்களை ஏற்றுகிறார்கள். ஊருக்கு வந்து, "காக்கா, பாஸ்வேர்டு என்ன வச்சீங்க?" என்று அண்ணனுக்குப் போன் போட்டால் அவருக்கே ஞாபகமில்லை. அந்த லேப்டாப்பில் 'டோன்ட் என்கிரிப்ட் திஸ் டிரைவ்' என்று இன்னொரு பட்டனும் இருக்கும். அதை அழுத்தினால் பென்டிரைவைப் படிக்க மட்டும் முடியும், பூட்டு விழாது. சொந்தப் படங்களைக் கம்பெனி லேப்டாப் வழியாக பென்டிரைவுக்கு ஏற்றவே வேண்டாம் என்பது என் கட்சி. ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு பென்டிரைவை அதற்கென்றே ஒதுக்குங்கள். பூட்டிவிட்டது என்றால், மீட்புச் சாவியின் நகல் பெரும்பாலும் கம்பெனி ஐடி ஆட்களிடம் பதிவாகியிருக்கும். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தை அவர்களுக்கு அனுப்பினால் தேடித் தரலாம். வேலையை விடுவதற்கு முன்பே இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பென்டிரைவைத் தானாகவே பூட்டுகிறது என்று ஒரு பேச்சு இருக்கிறது. புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், உள்ளே இருக்கும் டிரைவுகளைத்தான் அது பூட்டும். யுஎஸ்பியில் செருகுவதைத் தொடாது. ஆனால் லேப்டாப் போர்டு உப்பில் செத்து, எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போடுகிற நாளில், அந்த எஸ்எஸ்டி 48 இலக்கச் சாவி கேட்கும். அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் டிவைஸ் பகுதிக்குப் போனால் அந்த எண் இருக்கும். எந்த ஜிமெயில் வைத்துக் கணக்கு தொடங்கினார்கள் என்று கடைக்காரருக்கே மறந்துபோயிருப்பதுதான் சிக்கல்.

அந்த 48 இலக்கத்தையும் இன்றைக்கே தாளில் எழுதி ரேஷன் கார்டு உறைக்குள் வையுங்கள். பில் மெஷினில் வரும் தாளில் அடித்து லேமினேஷன் போட்டால் சூட்டில் கறுத்துவிடும். எழுதியது சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எண் ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டாக இருக்கும். ஒவ்வொரு கட்டும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். 135795 என்று இருந்தால் 12345 வரும், சரி. கடைசி இலக்கத்தை 6 என்று எழுதியிருந்தால் வகுபடாது. எந்தக் கட்டு இடறுகிறதோ, அந்த ஆறு இலக்கத்தை மட்டும் திரையோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.